மகள் எழுதிய கல்யாணம்

கிஸ்லேனால் எந்தச் சிரிப்புப் படத்தையும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூப் குடித்து முடித்ததும் அவள் கணவர் அர்மோன் தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். மகள் எஸ்தெல் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் மடியில் ஏறிக்கொள்வாள். அந்த நேரத்தில் போடுகிற படங்களெல்லாம் ஒரே வார்ப்பு. பணக்காரக் குடும்பம் ஒன்று, இல்லாத குடும்பம் ஒன்று, நடுவில் ஒரு சாப்பாட்டு மேஜை. யாரோ ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அதை மூட இன்னொன்று, அதற்கு மேல் மற்றொன்று. எல்லாரும் உட்கார்ந்து ஆட்டுத்தொடையை வெட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் மணி அடிக்கும். வரக்கூடாத ஆள் வந்து நிற்பான். அப்பாவும் மகளும் அந்த மணிக்காகவே காத்திருந்தவர்கள் போல விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கிஸ்லேன் அதற்குச் சற்று முன்பே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

"ஓடுறா பாரு உங்கம்மா," என்பார் அர்மோன். "மாட்டிக்கிட்டது படத்துல இருக்கறவ. வேர்க்கறது இவளுக்கு."

மாட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் முகத்தை அவளால் பார்க்க முடியாது. வளர்ந்த விதம் அப்படி. வியேர்ஸோன் ஊரில் கால்வாய்க்கரைத் தெருவில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே கூரையின் கீழ் ஒருவரோடொருவர் பேசாமல் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவார்கள். "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு, இந்த சூப்ப நாய்கூடக் குடிக்காது" என்பார் அப்பா. மூத்தவள் ஒதெத் அதை அப்படியே கொண்டுபோய் ஒப்பித்துவிட்டுக் கன்னத்தில் வாங்கிக்கொள்வாள். இளையவள் கிஸ்லேன், கூடத்தைத் தாண்டுவதற்குள் வார்த்தையை மாற்றிவிடுவாள். "அப்பா கொஞ்சம் உப்பு கேக்கறார்." உப்பு வரும். அன்றைய பொழுது அடிதடி இல்லாமல் கழியும். இதில் என்ன தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள்.

பிறகு ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "ரெண்டே நிமிஷம், வலிக்காது" என்று சொல்வதற்கு அவளைப் போல ஆள் கிடையாது. அர்மோன் அங்கேதான் அறிமுகமானார். சரக்கு ரயில் ஓட்டுநர். ஆறடி உயரம். நடைமேடையில் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் கேட்கும் குரல். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர், வீங்கிய வாயோடு, "நீ சொன்னது பொய்," என்றார். "அதுக்குப் பதிலா நாளைக்கு என்கூட காப்பி சாப்பிட வரணும்." போனாள். கல்யாணம் ஆயிற்று. எஸ்தெல் பிறந்தாள்.

அர்மோன் நல்ல மனுஷர், ஆனால் அடக்கி வாசிக்கத் தெரியாது. தொழிற்சங்கச் செயலாளராக இருந்தார். வேலைநிறுத்தம் என்றால் ரயில் நிலைய வாசலில் டயரைக் கொளுத்திவிட்டு முதல் ஆளாக நிற்பார். மேலதிகாரியிடமும் மேயரிடமும் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டு வருவார். மறுநாள் கடைத்தெருவில் மேயரின் மனைவியைப் பார்த்துச் சிரித்து, உடம்பை விசாரித்து, பேச்சைச் சரிக்கட்டுவது கிஸ்லேனின் வேலை.

எஸ்தெல் பாரிஸுக்குப் படிக்கப் போய், அங்கேயே சினிமாவுக்குக் கதை எழுத ஆரம்பித்தாள். சிரிப்புப் படங்கள்தான், அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்த அதே வகை. அமோரி என்ற ஒரு கட்டடக் கலைஞனைப் பிடித்துப்போயிற்று. அவனுடைய அப்பா டாக்டர் ஃபெர்வால். சொந்தமாக மருத்துவமனை, வெர்சாயில் வீடு, நோர்மாந்தியில் ஆப்பிள் தோட்டத்தோடு கோடை வீடு. அவர்கள் முதல் தடவையாக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது கிஸ்லேனுக்கு முந்தின வாரமே தூக்கம் போய்விட்டது.

சாப்பாட்டின் பாதிவரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளுங்க ரயிலை நிறுத்தினா என் நோயாளிங்க ஆபரேஷனுக்கு வர முடியல, தெரியுமா?"

"ரயில் நின்னா ஊருக்கே தெரியுது," என்றார் அர்மோன். "உங்க ஆஸ்பத்திரி வாசல்ல காசில்லாதவன் நின்னா யாருக்குத் தெரியுது டாக்டர்?"

இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. அமோரி பேச்சை மழையைப் பற்றித் திருப்பினான். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கிஸ்லேனுக்கு அன்று தைத்தது வேறு. சீஸ் தட்டு சுற்றி வந்தபோது அர்மோன் பெரிய முக்கோண பிரீ சீஸை நீளவாக்கில் கீறி எடுக்காமல், அதிலேயே ருசியான கூர்முனையை, யாருக்கும் விடாமல், குறுக்கே ஒரே வெட்டாக வெட்டித் தன் ரொட்டியில் வைத்துக்கொண்டார். திருமதி ஃபெர்வால் அந்த மொட்டைத் துண்டைப் பார்த்தாள். பிறகு கிஸ்லேனைப் பார்த்து இதமாகச் சிரித்தாள். கிஸ்லேனுக்கு அங்கேயே மறைந்துபோய்விடலாம் போலிருந்தது.

அடுத்த ஜூனில் நோர்மாந்தி தோட்டத்தில் கல்யாணம் என்று எஸ்தெல் தொலைபேசியில் சொன்னாள். "அப்பாகிட்ட நீ சொல்லிடுறியா அம்மா? நான் ராத்திரி கூப்பிட்டுப் பேசறேன்."

அர்மோன் அப்போது தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். கிஸ்லேன் கதவருகில் நின்று அந்த அகன்ற முதுகைப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேஜைகள், டாக்டரின் சொந்தக்காரர்கள், மூன்றாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு அர்மோனின் குரல் எல்லாம் ஒரே சமயத்தில் அவள் கண்முன் வந்தன. தோட்டத்துக்குள் போனாள்.

"எஸ்தெல் கல்யாணம் பண்ணிக்கறாளாம். மேயர் ஆபீஸ்ல கையெழுத்து மட்டும். ரெண்டு சாட்சி. அப்பா அம்மா யாரும் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்காங்க."

அர்மோன் நிமிர்ந்தார். "நாமகூட வேண்டாமா?"

"அவங்க வீட்டுலயும் யாரும் வரல. இந்தக் காலத்துப் பிள்ளைங்க. நீ ஏன்னு கேட்டு அவள சங்கடப்படுத்தாத."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "சரி. அவ இஷ்டம்," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

எஸ்தெல்லிடம் அவள் வேறு கதை சொன்னாள். "அந்த ஆளுங்க வீட்டு வாசப்படிய மிதிக்கறதுக்குப் பதிலா நான் சரக்கு வண்டியில கட்டையோட கட்டையா போவேன்னு அப்பா சொல்லிட்டார். இப்பக் கூப்பிட்டுப் பேசாத. ஏதாவது சொல்லிட்டா திருப்பி எடுக்க முடியாது. நாள் போகட்டும்." அர்மோன் பேசுகிற மாதிரியே இருக்க வேண்டும் என்று அந்த வாக்கியத்தை அவள் பாத்திரம் கழுவும்போது மனதுக்குள் கோத்துப் பார்த்திருந்தாள். எஸ்தெல், "அப்பா அப்படியே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் கிஸ்லேன் நீலப் பட்டு உடுத்திக் கல்யாணத்துக்குப் போய்வந்தாள். போர்ஜில் இருக்கும் அக்கா ஒதெத்துக்கு முழங்கால் ஆபரேஷன், கூட இருக்க வேண்டும் என்று அர்மோனிடம் சொல்லியிருந்தாள்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் தொலைபேசியில் மழையையும் வெயிலையும் தவிர எதையும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா வரமாட்டேன் என்றார் என்பது மகளின் வருத்தம். மகள் வேண்டாம் என்றாள் என்பது அப்பாவின் வருத்தம். இருவருமே கேட்கிற ரகம் இல்லை. எப்போதாவது எஸ்தெல் ஊருக்கு வந்தால் கிஸ்லேன் இரண்டு பேரையும் ஓர் அறையில் தனியாக விடமாட்டாள். காப்பிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடவே சுற்றுவாள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தால் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுப் போவாள். சீக்கிரம் சரியாகிவிடும், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் மறந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எஸ்தெல் எழுதிய ஒரு கதை படமாயிற்று. ரயில்காரர் குடும்பத்துக்கும் டாக்டர் குடும்பத்துக்கும் நடக்கும் இழுபறி. சில காட்சிகளை வியேர்ஸோன் நிலையத்திலேயே எடுத்தார்கள். அர்மோன் ஓய்வு பெற்றிருந்தார். வேடிக்கை பார்க்கப் போய், பிரேக் பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நடிகருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். "என்னையே பாத்து எழுதியிருக்கா போலிருக்கு," என்று பெருமையோடு சொன்னார். கிஸ்லேனும் சிரித்தாள். அதுவரை பயம் இல்லை.

இலையுதிர் காலத்தில் எஸ்தெல்லின் அழைப்பு வந்தது.

"அம்மா, ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். படத்துல கல்யாணம் இருக்கு."

"எந்தக் கல்யாணம்?"

"என்னுதுதான். அப்பா வரமாட்டேன்னு சொன்னது, எல்லாம். வெளியாகறதுக்கு முன்னாடி நம்ம ஊர் தியேட்டர்ல போடறாங்க, சனிக்கிழமை சாயங்காலம். அப்பா கோவிச்சுப்பாரா?"

"அப்பாவுக்கு முதுகு வலி. அவ்வளவு நேரம் உக்கார முடியாது."

"முதுகு வலியா, இல்ல வரமாட்டேங்கறாரா?"

"வற்புறுத்தாதன்னு சொல்றேன்."

"சரி அம்மா," என்றாள் எஸ்தெல். அந்தக் குரல் தணிந்தது கிஸ்லேனுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் தொலைபேசியை வைத்துவிட்டு அர்மோனிடம் போய், நாம் போனால் எஸ்தெல்லுக்குப் பதற்றமாகிவிடுமாம், படம் வெளியான பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமாம் என்றாள்.

இரண்டு நாளில் அர்மோனின் பழைய சகா பிரூனோ வந்து நுழைவுச் சீட்டுகளை மேஜையில் போட்டான். ஓய்வு பெற்ற ரயில்காரர்கள் எல்லாரும் கூட்டமாகப் போகிறார்களாம். கிஸ்லேன் கணவரைப் பார்த்தாள்.

"பொண்ணுக்குப் பதட்டமா இருக்கும்னா நாம கடைசி வரிசையில உக்காந்துக்கலாம்," என்றார் அர்மோன். "இருட்டுல அவளுக்கு என்ன தெரியப்போகுது. முடிஞ்சதும் ஓசைப்படாம எழுந்து வந்துடலாம்."

அந்த வாரம் முழுவதும் பல் வைத்தியரிடம் வந்தவர்களின் பெயரை மாற்றி மாற்றி அழைத்தாள். மதிய இடைவேளையில் ஒதெத்துக்குப் போன் செய்தாள்.

"என் முட்டிய வெச்சுப் பொய் சொன்னப்பவே நெனச்சேன்," என்றாள் அக்கா. "சொல்லிடு. தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"எப்படி ஒதெத் சொல்றது?"

"வாயாலதான். வேற எதால?"

சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையலறையில் மறுநாளைக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அர்மோன் தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் அதைத் தொடமாட்டார். கழுத்துப்பட்டியை இழுத்து இழுத்து அழுத்தினார்.

"அர்மோன், அந்தக் கல்யாணம்..."

"எந்தக் கல்யாணம்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

"பிரூனோ பொண்ணு கல்யாணம். என்ன வாங்கிக்கொடுக்கறதுன்னு யோசிச்சேன்."

"ஏதாவது சட்டி பானை வாங்கு," என்று அவர் மறுபடி சட்டையின் மேல் குனிந்தார்.

தியேட்டர் நிறைந்திருந்தது. ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் இயக்குநருக்குப் பக்கத்தில் எஸ்தெல்லின் பின்னந்தலை தெரிந்தது. அர்மோன் கடைசி வரிசையில் ஓர் ஓரத்தைப் பிடித்தார். விளக்கு அணைந்தது.

முதல் பாதி முழுவதும் சனம் சிரித்து ஓயவில்லை. சாப்பாட்டு மேஜைக் காட்சி வந்தது. திரையில் ரயில்காரர் சீஸின் முனையைக் குறுக்கே வெட்டினார். டாக்டர் மனைவி மயங்கி விழுவது போல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தியேட்டரே அதிர்ந்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தது அர்மோன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே முழங்கையால் அவளை இடித்தார்.

"நான்தான் அது. அப்படி வெட்டக்கூடாதா? எனக்கு யாருமே சொல்லலயே."

அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

திரையில் ஒரு சமையலறை. ரயில்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சொன்னார்: "அந்த ஆளுங்க வீட்டு வாசப்படிய மிதிக்கறதுக்குப் பதிலா நான் சரக்கு வண்டியில கட்டையோட கட்டையா போவேன்." பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கோத்த வாக்கியம், ஒரு வார்த்தை பிசகாமல், இவ்வளவு பெரிய முகத்திலிருந்து வந்தது. சனம் சிரித்தது. பிரூனோ கையைத் தட்டினான்.

அர்மோன் சிரிக்கவில்லை. "நான் எப்ப இப்படிச் சொன்னேன்?" என்றார் மெதுவாக.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆப்பிள் மரங்களுக்குக் கீழே நீண்ட மேஜைகள், வெள்ளைத் துணி, விருந்தாளிகள், மணப்பெண். தாயாக நடித்தவள் நீல உடையில் தனியாக வந்து இறங்கினாள். எழுந்து ஓட வேண்டும் போலக் கால்கள் துடித்தன. ஓரத்து இருக்கையில் அர்மோன் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் திரையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். திரையின் வெளிச்சத்தில் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அசையவில்லை.

படத்தில் ரயில்காரர் கடைசியில் வந்துவிடுகிறார். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய தண்டவாளத்தில் ஒரு குட்டி எஞ்சினை ஓட்டிக்கொண்டு, ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடு வந்து இறங்கி, மகளோடு ஆடுகிறார். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

விளக்குகள் எரிந்தன. எஸ்தெல்லும் இயக்குநரும் மேடை ஏறினார்கள். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்பா எஞ்சின்ல வர்றது அழகா இருந்துச்சு. நிஜத்துல நடந்ததா?"

எஸ்தெல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இல்ல. நிஜத்துல எங்கப்பா வரல. அதனாலதான் எழுதினேன்."

பிரூனோ எழுந்தான். நல்ல எண்ணத்தோடுதான் எழுந்தான். "அர்மோன் இங்கதான் இருக்கான். கடைசி வரிசை. மைக்க அவன்கிட்ட கொடுங்க."

தலைகளெல்லாம் திரும்பின. எஸ்தெல் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பின்வரிசைகளில் தேடினாள். மைக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. கிஸ்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது சொல்லப்போகிறார், ஊர் முழுக்கக் கேட்கப்போகிறது என்று நினைத்தாள்.

அர்மோன் எழுந்து நின்றார். கூட்டங்களில் மைக் இல்லாமலே பேசுகிறவருக்கு, அன்று மைக்கை வாய்க்கு அருகில் வைத்தும் குரல் எழும்பவில்லை.

"படம் நல்லா இருக்கு எஸ்தெல்," என்றார். "நான் வந்திருக்கணும்."

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வெடித்தது. எஸ்தெல் மேடையிலேயே அழுதாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். படக்குழுவோடு சாப்பிடப் போக வேண்டும், நாளை மதியம் அமோரியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அம்மாவின் கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

கால்வாய் ஓரமாக இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அர்மோன் கேட்டார்.

"அப்ப ஒதெத் முட்டி நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"நான் வந்தா சண்டை போடுவேன்னு பயந்தியா? இல்ல என்னக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருந்துச்சா?"

பயம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அது பாதிதான். "ரெண்டும்," என்றாள்.

அவர் நின்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் நினைத்தாள். அவர் திட்டவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும்.

"நாளைக்கு அவ வரா," என்றார். "நீ சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. என் தப்புன்னே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இனிமே என் வாயில வார்த்தைய வெக்காத, கிஸ்லேன்."

அன்று அவர் எஸ்தெல்லின் பழைய அறையில் படுத்துக்கொண்டார்.

மறுநாள் உருளைக்கிழங்கு மாவை மடித்துச் சுட்ட கலெத் ரொட்டி பொன்னிறமாக வெந்து வந்தது. எஸ்தெல் அப்படிச் சிரித்துக் கிஸ்லேன் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படப்பிடிப்பில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னாள். அர்மோனும் சிரித்தார். அமோரி, "எங்கப்பாதான் பாரிஸ்ல முன்னாடியே படத்தப் பாத்துட்டு ரெண்டு நாளா என்கூடப் பேசல," என்றான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் குறையவில்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கிஸ்லேன் நினைத்தாள். தட்டுகளை மாற்றினாள், தண்ணீர் ஊற்றினாள், ஓரிடத்தில் உட்காராமல் இருந்தாள்.

அப்போது எஸ்தெல் அப்பாவின் கையைப் பிடித்தாள். "நேத்து காதுல சொன்னத மறுபடியும் சொல்றேன். எனக்கு உன் மேல கோவம் இல்ல. மன்னிச்சுட்டேன்."

அர்மோன் ஒரு நொடி தட்டைப் பார்த்தார். "நன்றிம்மா," என்றார்.

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவர் நன்றி சொன்னதைக் கேட்டதும், கிஸ்லேன் கையில் இருந்த கூஜாவை மேஜையில் வைத்தாள்.

"அப்பா அத சொல்லவே இல்ல," என்றாள். "கட்டையோட கட்டையான்னு சொன்னது நான். கல்யாண விருந்து இருக்குன்னே அவருக்குத் தெரியாது. மேயர் ஆபீஸ்ல கையெழுத்து மட்டும்னு சொல்லியிருந்தேன்."

எஸ்தெல் அவளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"நேத்துதான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மைக்ல அப்படிச் சொன்ன?"

"வந்திருக்கணும்னு சொன்னேன். அது நிஜம்தானே?"

எஸ்தெல் எழுந்தாள். கத்தப்போகிறாள் என்று கிஸ்லேன் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எஸ்தெல் கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள், இன்னொரு கை நுழையவில்லை. அமோரி எழுந்து உதவினான்.

"கல்யாணத்தன்னிக்கு அப்பாவுக்குன்னு போட்டிருந்த நாற்காலிய நானே எடுத்து ஓரமா மரத்தடியில வெச்சேன் அம்மா," என்றாள். "கூடச் சேர்ந்து பிடிச்சது நீ. அப்பகூட ஒண்ணும் சொல்லல."

கிஸ்லேனுக்கு அது நினைவிருந்தது. இல்லை என்று சொல்ல முடியவில்லை. "ஆமா," என்றாள்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்று அமோரி மாமியாரிடம் சொல்லிவிட்டு மனைவிக்குப் பின்னால் போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அர்மோன் எழுந்து மிச்சமிருந்த கலெத்தை ஒரு துணியால் மூடினார்.

குளிர்காலம் முழுவதும் எஸ்தெல் அப்பாவின் கைப்பேசிக்கு மட்டும் கூப்பிட்டாள். அர்மோன் பேசிக்கொண்டே தோட்டத்துக்குப் போய்விடுவார். என்ன பேசினாள் என்று கிஸ்லேன் கேட்கவில்லை. முன்பென்றால் கேட்டு, கேட்டதில் பாதியை வெட்டி ஒட்டி ஒதெத்துக்குச் சொல்லியிருப்பாள். இப்போது யாருக்கும் எதையும் எடுத்துச் செல்ல வழி இல்லை. கையில் வேலையில்லாதவள் போல வீட்டுக்குள் சுற்றினாள். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் திடுக்கிட்டாள். கிறிஸ்துமஸுக்கு அர்மோன் தனியாக வெர்சாயில் டாக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டரும் அவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து, படத்தில் தங்கள் இருவரையும் எஸ்தெல் எப்படியெல்லாம் கேலி செய்துவிட்டாள் என்று சாயங்காலம் வரை ஒன்றாகக் குறைப்பட்டுக்கொண்டார்களாம். அதை அர்மோன் திரும்பி வந்து சொன்னபோது, படம் பார்த்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். பிப்ரவரியில் ஒரு நாள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அவர்களுடைய அறைக்குத் திரும்பி வந்தார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வசந்தத்தில் ஓய்வூதியக்காரர்களின் ஊர்வலத்துக்காக அவர் பாரிஸ் போயிருந்தார். மகள் வீட்டில்தான் தங்கல். சாயங்காலம் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அப்பா வந்து சேர்ந்தாச்சு," என்றாள் எஸ்தெல். "குளிச்சிட்டிருக்கார்."

"சரிம்மா."

"அப்பாவுக்கு உன் மேல இன்னும் கோவம் இருக்கா?" என்று கேட்டாள் எஸ்தெல்.

இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கிஸ்லேன் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருக்கு."

"எனக்கும் இருக்கு."

"தெரியும்."

எஸ்தெல் வைத்துவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். எஸ்தெல் வைக்கவில்லை. கலெத்துக்கு மாவை எத்தனை தடவை மடிக்க வேண்டும், அப்பா கேட்கச் சொன்னார் என்றாள். கிஸ்லேன் சொன்னாள். வெண்ணெயை அதிகம் உருகவிடாதே என்றும் சொன்னாள். ஆகஸ்டில் வேலை குறைவாக இருக்கும், வரமுடியுமா என்று பார்க்கிறேன் என்றாள் எஸ்தெல். வருகிறேன் என்று சொல்லவில்லை. கிஸ்லேனும் எப்போது என்று கேட்கவில்லை.